தேரிக்காட்டு வில்லாளிக்குப் பனிநாட்டு உடை எதற்கு? வேட ஆட்டக் கதாபாத்திரங்களுக்கு உருவம் தேடுவது பற்றி

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்து பேர் கூடிக் கற்பனை உலக வேட ஆட்டம் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) ஆடி வருகிறோம். ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. விதிகளை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற வேட ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பிலிருந்து எடுத்துக்கொண்டோம். உலகத்தை மட்டும் நாங்களே உருவாக்கினோம். அதில் மேற்கே அருவிகள் இறங்கும் மலையும், நடுவே வற்றாத ஓர் ஆறும், கிழக்கே செம்மணல் தேரியும், அதற்கும் அப்பால் முத்து விளையும் கடலும் உண்டு. எந்த ஊரைப் பார்த்து இதை வரைந்தோம் என்பது இங்குள்ள எவருக்கும் சொல்லாமலே விளங்கும்.

புதிய தொடர் ஆட்டத்துக்காக ஒவ்வொருவரும் தம் கதாபாத்திரத்துக்கு ஒரு படம் கொண்டு வர வேண்டும் என்று சென்ற மாதம் கேட்டுக்கொண்டேன். வந்த நான்கு படங்களையும் மேசையில் பரப்பி வைத்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. தேரியில் பிறந்து பனங்காட்டில் வளர்ந்தவள் என்று தன் கதாபாத்திரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்த ஒருவர், தோலாடை போர்த்திக்கொண்டு முழங்கால் அளவுப் பனியில் நிற்கும் வில்லாளியின் படத்தைக் கொண்டு வந்திருந்தார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. ‘வில்லாளி’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடுபொறியில் இட்டால் முதல் நூறு படங்களும் அப்படித்தான் வருகின்றன.

என் கேள்விகள் இரண்டு. நமக்கு ஏற்ற படங்களை எங்கே, எப்படித் தேடுவது? கிடைக்காதபோது நாமே உருவத்தை எப்படி வடிவமைப்பது? இந்த ஆட்டத்தின் உலகத்தைச் சிறு நூலாக ஐம்பது படி அச்சிட்டு விற்கும் எண்ணமும் இருப்பதால், உரிமை பற்றி அறிந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சிற்பம் பார்ப்பவன்

தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அண்ணாச்சி. உங்கள் ஐவரையும் அழைத்துக்கொண்டு திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பாளையங்கோட்டையிலிருந்து நகரப் பேருந்தில் போய்விடலாம். நாயக்கர் காலத்தில் செதுக்கப்பட்ட ஆளுயரச் சிற்பங்கள் அங்கே தூண்களில் நிற்கின்றன. எல்லோரும் அவற்றின் நகத்தையும் நரம்பையும் வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். வியக்க வேண்டியவைதாம், ஆனால் கதாபாத்திரம் வடிவமைப்பவர் அங்கே பார்க்க வேண்டியது வேறு.

இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவனைப் பாருங்கள். அவன் முகத்தை ஒரு துணியால் மறைத்துவிட்டாலும் அவன் யார், என்ன செய்துகொண்டிருக்கிறான், எவ்வளவு அவசரத்தில் இருக்கிறான் என்பது உடலிலேயே தெரியும். தோளில் ஏறியிருக்கும் இன்னோர் உடலின் கனம் அவன் நிற்கும் நிலையையே மாற்றியிருக்கிறது. கர்ணனின் கையில் நாகாஸ்திரம் இருக்கிறது. ஏற்கெனவே கதை அறிந்தவனுக்கு அந்த ஒரு பொருளே அவனுடைய வாழ்வின் எந்த நாள் இது என்று சொல்லிவிடுகிறது. மன்மதன் கரும்பு வில்லோடு நிற்கிறான். சிற்பிக்குக் கிடைத்தது ஒரே கல், ஒரே நிலை. அதற்குள் ஒருவனுடைய தொழில், அவன் அப்போது செய்யும் செயல், அவனுக்கே உரிய பொருள் ஆகிய மூன்றையும் அடக்கியிருக்கிறார்.

உங்கள் நண்பர்கள் படம் தேடும்போது ‘என் ஆள் எப்படி இருப்பான்’ என்று தொடங்குகிறார்கள். நிறம், முடி, கண் என்று அது உடனே அழகைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. அதை விட்டுவிட்டு ‘அவன் கையில் என்ன இருக்கிறது, அது அவன் கைக்கு எப்படி வந்தது, அதில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது’ என்று எழுதச் சொல்லுங்கள். ஐந்து வரி போதும். அந்த ஐந்து வரியை எழுதிய பிறகு தேடினால், பனியில் நிற்கும் வில்லாளியை அவர்களே தள்ளிவிடுவார்கள்.

கோயிலில் படம் எடுப்பதற்கு முன் அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், கைபேசியில் எடுத்த படத்தைவிடத் தரையில் உட்கார்ந்து பென்சிலால் போட்ட மோசமான கோட்டோவியம் அதிகம் கற்றுத் தருகிறது. இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கண் அல்ல, கைதான் கண்டுபிடிக்கிறது.

பனங்காடு

மேலே சொன்னதை அப்படியே உங்கள் தேரி வில்லாளிக்குப் பொருத்திப் பார்க்கிறேன். எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம். என் தாத்தா பனையேறி.

பனையேறியின் இடுப்பில் அருவாப்பெட்டி தொங்கும். அதற்குள் பாளை அரிவாள் இருக்கும். காலில் இரு பாதங்களையும் இணைக்கும் நார் வளையமான தளைநார், கையில் மரமேறத் துணையாகும் முருக்குத் தடி. பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். நாள்தோறும் பல மரங்கள் ஏறி இறங்குகிறவரின் மார்பிலும் உள்ளங்கையிலும் பாதத்தின் ஓரத்திலும் தோல் காய்த்துப்போயிருக்கும். இவற்றில் எதையும் அலங்காரத்துக்காக யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வில்லாளி பனங்காட்டில் வளர்ந்தவள் என்றால், அம்பறாத்தூணிக்குப் பதிலாக அருவாப்பெட்டியைப் போல இடுப்பில் கட்டும் ஒரு பெட்டியில் அம்புகளை வைத்திருக்கலாமே? மரத்தின் உச்சியில் ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையால் எடுக்க வசதியாக அது எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்தாலே படம் பாதி முடிந்துவிடும். பாதத்தில் தோல் காலணி வேண்டாம். சுண்ணாம்பு பட்ட விரல்நுனி வெள்ளையாக இருக்கட்டும். தேரி மண் செந்நிறமானது. வெள்ளைத் துணி அங்கே வெள்ளையாக நீடிக்காது.

முத்துக் கடலிலிருந்து வரும் கதாபாத்திரத்துக்கும் இதே வழிதான். முத்துக்குளிப்பவர் கல்லின் எடையால் அடியில் இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், தங்கை தாலியை நினைத்துக் கை தளர மாட்டான் என்பதற்காக. அத்தகைய ஒருவர் உங்கள் கதையில் தனியாக வந்து நின்றால், அவருடைய இடுப்பில் அறுந்த கயிற்றின் முனை ஒன்று இருக்கட்டும். அதைப் பற்றி மற்ற ஆட்டக்காரர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

பழங்குடி அரசன், வீரன் போன்றோருக்கு ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கே நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள்களும் வேல்முனைகளும், நெற்றியில் கட்டும் பொற்பட்டங்களும், விலங்கு உருவங்கள் அமைந்த வெண்கலக் கலங்களும் கிடைத்தன. அவர் கண்டெடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஐரோப்பிய மணிமுடிக்குப் பதிலாக அந்த மெல்லிய பொற்பட்டத்தை ஒரு தலைவனின் நெற்றியில் கட்டிப் பாருங்கள்.

வல்லநாட்டு வாசகன்

நல்ல இழை. எனக்கு உடனே தோன்றுவது சுடலைமாடன்தான். உயர்ந்த குல்லாய், கச்சை, வல்லயம் என்னும் ஈட்டி, அரிவாள் என எல்லாம் ஆயத்தமாக இருக்கின்றன. எல்லை காக்கும் வீரன் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் வேறு எங்கும் கிடைக்காது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கொடைக்குப் போகிறவள்

தம்பி, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோபத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுடலைமாடன் எங்கள் வீட்டுக் குலதெய்வம். ஆண்டுதோறும் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்குப் போகிறோம். கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோற்கருவி ஒலிக்கத் தொடங்கியதும் என் அம்மா இன்றைக்கும் எழுந்து நின்று கும்பிடுகிறார். அந்தக் குல்லாயும் வல்லயமும் எங்களுக்கு உடையலங்காரம் அல்ல, சாமி. பகடை உருட்டித் தோற்கும்போது அந்த உருவம் அடிபட்டுச் சாகும். ஆட்டத்தின் நடுவே யாரோ அதைப் பற்றிச் சிரிக்கவும் கூடும். இசக்கியம்மனுக்கும் இது பொருந்தும். குழந்தையை ஏந்தி நிற்கும் அந்த மண்ணுருவத்தைப் பார்த்து அச்சமூட்டும் பேய்ப் படத்துக்கு நல்ல மாதிரி என்று நினைப்பவர்கள், பிள்ளை வரம் வேண்டி அதன் முன் தொட்டில் கட்டிவிட்டுப் போகும் பெண்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் நம் ஊரிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உருவத்தை விட்டுவிட்டு, அந்த உருவம் எதனால் அப்படி ஆனது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை காப்பவன் இரவில் நடக்கிறவன். தொலைவிலிருந்தே அவன் வருவது தெரிய வேண்டும் என்பதால் தலையில் உயரமான ஒன்று இருக்கிறது. வருவது கேட்க வேண்டும் என்பதால் கையிலோ காலிலோ மணி இருக்கிறது. இந்தத் தேவைகளை வைத்துக்கொண்டு புதிதாக ஒரு காவற்காரனை வரையுங்கள். அவன் எங்கள் மாடனின் நகலாக இருக்க மாட்டான். இந்த மண்ணின் ஆளாகவும் இருப்பான்.

வல்லநாட்டு வாசகன்

அக்கா, நான் அந்தப் பக்கத்தை நினைக்கவில்லை. என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். தொலைவிலிருந்து தெரிவதும் கேட்பதும் என்று நீங்கள் சொன்னதிலிருந்து, ஓலைப்பந்தத்தை நீண்ட கம்பின் நுனியில் ஏந்திய ஒருத்தி என் மனத்தில் வந்துவிட்டாள்.

அச்சுக்கூடத்தான்

உரிமை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். கோவில்பட்டியில் முப்பது ஆண்டுகளாக அச்சுத் தொழிலில் இருக்கிறேன். படத்தின் உரிமை தெரியாமல் அச்சிட்டுத் துன்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேசையைச் சுற்றி நண்பர்களோடு ஆடும்போது இணையத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டுவதும், அதே படத்தை நூலில் அச்சிட்டு விற்பதும் ஒன்றல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் உரிமை வரைந்தவரின் ஆயுள் முழுவதும் இருக்கும். அவர் இறந்த மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ‘பழைய படம்தானே’ என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. ரவிவர்மா 1906இல் மறைந்தார். அவருடைய ஓவியங்களுக்கான காலம் முடிந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து வரைந்து, சிவகாசி நாட்காட்டிகள் வழியே வீடுதோறும் போய்ச் சேர்ந்த கொண்டையராஜு மறைந்தது 1976இல். ஆகவே அவருடைய ஓவியங்கள் 2036 முடியும் வரை உரிமைக்கு உட்பட்டவை. பூசையறையில் ஐம்பது ஆண்டுகளாகத் தொங்குகிறது என்பதால் அது எவரும் எடுத்துக்கொள்ளும் பொதுச்சொத்து ஆகிவிடாது.

கிருஷ்ணாபுரத்துச் சிற்பத்துக்கு இன்று பதிப்புரிமை கிடையாது. நீங்கள் அதைப் பார்த்து வரையலாம். ஆனால் வேறொருவர் அதை எடுத்த ஒளிப்படத்துக்கு அவருக்கு உரிமை உண்டு. உங்கள் கோட்டோவியத்துக்கு நீங்களே உரிமையாளர் என்பது, மேலே நண்பர் பென்சிலை எடுக்கச் சொன்னதற்கு இன்னொரு நல்ல காரணம்.

தயக்கமின்றி எடுக்கக்கூடிய இடங்களும் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் தன்னிடமுள்ள பொதுவுடைமைப் படைப்புகளின் (பதிப்புரிமைக் கட்டு இல்லாதவற்றின்) 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதன் ஆயுதப் பிரிவில் தென்னிந்தியக் கட்டாரிகளைக் காணலாம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் பொதுவுடைமைக் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் உரிமம் படத்துக்குப் படம் மாறும்: சிலவற்றுக்கு எடுத்தவரின் பெயரைப் போட வேண்டும், சிலவற்றை மாற்றி வரைந்தால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதி ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த பயன்பாட்டு உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டு அதை உங்கள் நூலில் பயன்படுத்தலாம். அந்த அனுமதி அந்த ஆவணத்தின் எழுத்துக்குத்தான். விதிநூல்களில் அச்சாகியிருக்கும் ஓவியங்களுக்கு அது பொருந்தாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம்.

கோட்டோவியை

நான் பணத்துக்குப் படம் வரைந்து தருபவள், தென்காசியில் இருக்கிறேன். ஓவியரிடம் கொடுத்து வரைவிப்பது என்று முடிவு செய்தால் எங்கள் பக்கத்து நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு வரும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை இப்படி இருக்கும்: ‘கம்பீரமாக இருக்க வேண்டும், கண்களில் சோகம் வேண்டும், முடி காற்றில் பறக்க வேண்டும்.’ இதை வைத்து என்னால் வரைய முடியும். ஆனால் வருவது நான் ஏற்கெனவே வரைந்த பத்துப் பேரில் ஒருவராகத்தான் இருக்கும். அதற்கு மாறாக, ‘இடது தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும், ஏனென்றால் இருபது ஆண்டுகள் அந்தப் பக்கமே சுமை தூக்கியவள்’ என்று ஒருவர் எழுதியனுப்பியபோது, படித்து முடிப்பதற்குள் என் கை காகிதத்தில் இருந்தது. மேலே ‘சிற்பம் பார்ப்பவன்’ சொன்ன ஐந்து வரிகள்தாம் ஓவியருக்கு வேண்டியவை. மாதிரிப் படங்களை அனுப்பினால், எந்தப் படத்திலிருந்து எது வேண்டும் என்று எழுதுங்கள். ஒன்றில் துணியின் மடிப்பு, இன்னொன்றில் ஒளி, மூன்றாவதில் நிற்கும் முறை என்று பிரித்துச் சொன்னால், இன்னொருவர் படைப்பை நகலெடுக்கச் சொல்வதாகாது.

நான் வேலை செய்யும் முறையையும் சொல்கிறேன். முதலில் கட்டைவிரல் அளவில் ஆறேழு சிறு வரைவுகள் போடுவேன், முகமே இல்லாமல். அவற்றை முழுக்கக் கருமையால் நிரப்பி, நிழலுருவை மட்டும் பார்த்து அடையாளம் தெரிகிறதா என்று சோதிப்பேன். ஐந்து கதாபாத்திரங்களின் நிழலுருக்களை வரிசையாக வைக்கும்போது எவர் எவர் என்று கேள்வி எழுந்தால், வண்ணம் தீட்டுவதில் பயனில்லை. பிறகு கறுப்பு, சாம்பல், வெள்ளை ஆகிய மூன்றே நிறத்தில் ஒளியும் இருளும் அமைப்பேன். வண்ணம் கடைசியில்தான் வரும். மாற்றம் வேண்டுமானால் சிறு வரைவு நிலையிலேயே கேளுங்கள். அங்கே ஒரு மணி நேரத்தில் முடிவது, வண்ணம் தீட்டிய பிறகு மூன்று நாள் வேலையாகிவிடும். நீங்களே முயல விரும்பினால் கிரிட்டா என்ற மென்பொருள் இலவசம். இவை அனைத்துக்கும் அது போதும்.

அச்சுக்கு அனுப்பும் படம் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். ஏ5 பக்கம் முழுவதும் வரும் படத்துக்கு 1748க்கு 2480 பிக்சல். கைபேசியில் அழகாகத் தெரிந்த படம் அச்சில் மங்கிப்போவது இதனால்தான். ஆட்டப் பலகையில் கதாபாத்திரத்தைக் குறிக்க வைக்கும் வட்டத் துண்டுக்குத் தனிப் படம் வரையுங்கள். ஓர் அங்குல வட்டத்தில் முழு உருவத்தைச் சுருக்கினால் எறும்பாகத்தான் தெரியும்; தலையும் தோளும் கையிலுள்ள ஒரு பொருளும் போதும்.

பணம், காலம், எத்தனை முறை மாற்றம், எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பவற்றை எழுத்தில் வையுங்கள். உரிமையை மாற்றித் தரும் எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் நம் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்கிறது. ஐம்பது படி நூல் நன்றாகப் போய் மறுபதிப்பு வரும்போது இது முக்கியமாகும்.

பனங்காடு

எழுத்துக் கட்டளையால் படம் உண்டாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை யாரும் சொல்லவில்லையே? நான் பனையேறியைக் கேட்டுப் பார்த்தேன். பத்து முறையும் தென்னை மரம்தான் வந்தது. கயிறு எங்கோ தொடங்கி எங்கோ முடிந்தது.

கோட்டோவியை

இதைப் பற்றி ஆத்திரப்படாமல் பேச முயல்கிறேன். என்னைப் போன்றவர்களின் படங்களை எங்கள் இசைவு இல்லாமலே திரட்டிப் பயிற்றுவித்த கருவிகள் அவற்றில் இருக்கின்றன; அதனால் நான் பயன்படுத்துவதில்லை. நூல் விற்க நினைப்பவருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு படக்கதை நூலில் கருவி உண்டாக்கிய படங்களுக்குத் தனியே உரிமைப் பாதுகாப்பு தர மறுத்தது, அவற்றை மனிதர் படைக்கவில்லை என்ற காரணத்தால். உங்கள் தேரி வில்லாளியை நாளை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் நீங்கள் எதை வைத்துக் கேட்பீர்கள்? அதைவிடப் பெரிய குறை பனங்காடு சொன்னதுதான். நிறையப் பேர் வரைந்ததைத்தான் அந்தக் கருவி திருப்பித் தருகிறது. தளைநாரை இதுவரை அதிகம் பேர் வரைந்ததில்லை.

பொருநைக்கரை

நேற்று ஐவரும் கிருஷ்ணாபுரம் போய் வந்தோம். திரும்பி வந்து மாடியில் உட்கார்ந்து, படம் எதையும் பார்க்காமல் ஆளுக்கு ஐந்து வரி எழுதினோம். ஒருவருடையதை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன். ஆட்டத்தில் பாணன் என்னும் தொழிலை எடுத்தவர் அவர். முன்பு கொண்டு வந்தது யாழைப் போன்ற ஒரு மேலைநாட்டுக் கருவியோடு நிற்கும் இளைஞனின் படம்.

‘அவள் வில்லிசைக்காரி. அவள் வில் ஒரு காலத்தில் போரில் பயன்பட்டது; அவளுடைய பாட்டி அதில் மணிகளைக் கட்டினாள். வில்லின் நாணை அடிக்கும் வீசுகோல் இரண்டையும் கொண்டையில் செருகியிருப்பாள். குடத்தை முதுகில் உறியில் கட்டிச் சுமக்கிறாள், அதன் கழுத்தில் ஒரு விரிசலை அரக்கு வைத்து அடைத்திருக்கிறது. வில்லின் நடுவே, பாட்டியின் பிடி தேய்த்த பள்ளத்தில், இவள் கை வைப்பதில்லை.’

இதில் ஓர் ஐயம். வில்லுப்பாட்டில் வில்லைக் குடத்தின் மேல் கிடத்தி, உட்கார்ந்து பாடுவதே வழக்கம். கதாபாத்திரப் படமோ நின்ற நிலையில் கேட்கப்படுகிறது. நின்றால் அவள் வெறும் வில்லாளியாகத் தெரிந்துவிடுவாளோ?

கொடைக்குப் போகிறவள்

உட்கார வையுங்கள். எல்லோரும் நிற்கும் வரிசையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் கண் முதலில் அவளிடம்தான் போகும். வில்லிசையில் பாடுகிறவர் உட்கார்ந்துதான் ஊரையே அசையாமல் வைக்கிறார்.

கோட்டோவியை

அக்கா சொல்வது சரி. நிழலுருவைப் போட்டுப் பார்த்தேன்: கீழே குடத்தின் வட்டம், அதன் மேல் வில்லின் நீண்ட வளைவு, அதற்குப் பின்னால் அவள், உயர்த்திய கையில் வீசுகோல். வேறு எந்தத் தொழிலோடும் குழம்பாது. மற்ற நால்வரையும்விட உயரம் பாதிதான், அகலம் இரண்டு மடங்கு. நடைப்பயணக் காட்சிகளுக்கு முதுகில் குடத்தோடு நிற்கும் சிறு படம் ஒன்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். மணிகளின் எண்ணிக்கையையும், அவை வில்லில் எந்த இடைவெளியில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்த்து எழுதியனுப்புங்கள். அதை நான் ஊகித்து வரைய மாட்டேன்.

பொருநைக்கரை

வரும் வெள்ளியன்று பக்கத்து ஊரில் கொடை இருக்கிறது. வில்லிசைக் குழுவினரிடம் முன்னதாகவே பேசிவிட்டேன். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் வில்லை அருகில் வந்து பார்க்கலாம் என்று சொன்னார்கள். அளவுகளை எடுத்துச் சனிக்கிழமை இங்கே இடுகிறேன்.